ரெட்டை நாயனம்: ஒரு மூச்சை இருவர் பகிர்ந்த கதை

தியாகதுருகத்தில் முகூர்த்த நாள் என்றால் விடியற்காலை நாலரை மணிக்கே தெரிந்துவிடும். நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் இரைச்சலுக்கு நடுவே ஏதாவதொரு கல்யாண மண்டபத்திலிருந்து நாயனம் கிளம்பும். உள்ளே போய்ப் பார்த்தால், மணமேடைக்குப் பக்கத்தில் விரித்த ஜமுக்காளத்தில் ஒரு நாயனம் (நாதஸ்வரம்), ஒரு தவில், நடுவில் ஒரு சுருதிப்பெட்டி. பூபாளமோ பௌளியோ ஓடிக்கொண்டிருக்கும். வாசிப்பவர் நீண்ட பிடி ஒன்றை முடித்து, சீவாளியிலிருந்து உதட்டை எடுத்து மூச்சு வாங்குகிறார். அந்த இரண்டு நொடியும் பெட்டியின் ரீங்காரம் மட்டும்தான் கேட்கிறது. தவில்காரர் இரண்டு சொல்லைத் தட்டி அதை நிரப்பப் பார்க்கிறார். ராகம் மறுபடி தொடங்குகிறது. பந்தலில் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

அந்த இரண்டு நொடியில் முன்பு ஓர் ஆள் இருந்தார். முதல் நாயனக்காரர் விட்ட இடத்தை, விட்டது தெரியாமல் பிடித்துக்கொள்வது அவர் வேலை. துணை நாயனம் என்பார்கள். இருவரும் சேர்ந்தால் ரெட்டை நாயனம். தமிழ்நாட்டின் மிகப் பழைய கருவியிசைக் கூட்டணிகளில் இதுவும் ஒன்று. சபா மேடையில் உருவானதில்லை. கோயில் பிராகாரத்திலும் தேரோடும் வீதியிலும் மணிக்கணக்கில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டிய கட்டாயத்தில் பிறந்தது. இந்தக் கூட்டணியின் அடிப்படை மூச்சு. அதைப் புரிந்துகொண்டால்தான் திருவீழிமிழலை சகோதரர்கள் முதல் இன்றைய மகபூப் சுபானி – காலிஷாபி தம்பதி வரை அத்தனை ஜோடிகளும் என்ன செய்தார்கள் என்பது பிடிபடும்.

நாயனத்தை ஊதுவது புல்லாங்குழல் ஊதுவது போலில்லை. குழலில் காற்று துளையின் விளிம்பில் மோதிப் பிரிந்தால் போதும். நாயனத்திலோ சீவாளி என்ற இரட்டை நாக்கின் இடுக்கு வழியாகக் காற்றை அழுத்தித் தள்ள வேண்டும். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையை வெட்டி, உலர்த்தி, பதப்படுத்தி, மடித்து நூல் கட்டிச் செய்வது சீவாளி. திருவாவடுதுறை இதற்குப் பேர்போன ஊர். சீவாளி ஒரு சிறு உலோகக் குழலில் உட்காரும். அதற்குக் கெண்டை என்று பெயர். கெண்டை உலவின் தலையில் செருகப்படும். உலவு என்பது ஆச்சா மரத்தில் கடைந்த நீண்ட உடல். அதன் அடியில் விரிந்திருக்கும் வாய்க்கு அணசு என்று பெயர். விரல் வைத்து வாசிக்கும் துளைகள் 7. சுருதியைச் சரிசெய்ய, அடிப்பக்கத்தில் மேலும் 5 துளைகள். வேண்டியவற்றை மெழுகால் அடைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கருவியைத் திறந்த வெளியில், ஒலிபெருக்கி இல்லாமல், வீதியின் கடைசி வீடு வரை கேட்கும்படி வாசிக்க வேண்டும். சாமி புறப்பாடு என்றால் ஒரு மணி நேரமும் ஆகும், நாலு மணி நேரமும் ஆகும். உற்சவ காலத்தில் பத்து நாளும் இரண்டு வேளையும் நடக்கும். ஓர் ஆளின் நெஞ்சுக்கூடு தாங்கக்கூடிய வேலையா இது? அதனால்தான் பெரிய மேளம் என்று சொல்லப்பட்ட முழுக் குழுவில் இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு ஒத்து, ஒரு தாளம் என்று ஆள்கட்டு அமைந்தது. ஒத்து என்பது விரல் துளை இல்லாத நாயனம். ஒரே சுரத்தை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அது வெளியேறும்போதே மூக்கால் இழுத்துக்கொண்டு, ஒத்துக்காரர் இடைவெளியே இல்லாமல் ஊதுவார். அந்த வேலைக்குப் பெட்டி வந்துவிட்டது. துணை நாயனத்தின் வேலையை எந்தப் பெட்டியாலும் செய்ய முடியவில்லை. ஏனென்றால் துணை நாயனக்காரர் பிடிப்பது ஒரு சுரத்தை மட்டுமில்லை. முதல் நாயனக்காரர் எந்தச் சுரத்தில் நிறுத்துவார், அடுத்து எங்கே போவார் என்ற எண்ணத்தையும் சேர்த்துப் பிடிக்கிறார்.

இந்த ஜோடிகளில் பெரும்பாலானவை சகோதரர்கள். திருப்பாம்புரம் நடராஜசுந்தரம் பிள்ளையும் அவர் தம்பி சிவசுப்பிரமணிய பிள்ளையும் ஜோடி வாசிப்பின் முன்னோடிகளில் வைத்துப் பேசப்படுகிறவர்கள். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை அவருடைய சீட வழியிலேயே பாடம் கேட்ட குடும்பம் அது. நடராஜசுந்தரம் பிள்ளை அந்தக் கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி 1936-இல் 'தீட்சித கீர்த்தனப் பிரகாசிகை' என்ற நூலை வெளியிட்டார். தெருவில் நின்று நாயனம் வாசித்த மனிதர் கர்நாடக சங்கீதத்தின் மிக நுணுக்கமான உருப்படிகளை ஆதாரத்தோடு அச்சில் ஏற்றினார். நாயனக்காரர்களைப் 'பயிற்சியால் மட்டும் வாசிக்கிறவர்கள்' என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் புத்தகத்தைப் பற்றியாவது கேள்விப்பட்டிருக்க வேண்டும். அவருடைய மகன் சுவாமிநாத பிள்ளை புல்லாங்குழலை எடுத்தார். 1953-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.

அடுத்து வருகிறவர்கள் திருவீழிமிழலை சகோதரர்கள். சுப்பிரமணிய பிள்ளை, நடராஜசுந்தரம் பிள்ளை. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவீழிமிழலை. அந்த ஊருக்கே ஓர் இரட்டையர் கதை உண்டு. பஞ்ச காலத்தில் சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் தினம் ஆளுக்கொரு பொற்காசு பீடத்தில் வைத்தாராம். அப்பருக்குக் கிடைத்தது நல்ல காசு. சம்பந்தருக்குக் கிடைத்த காசை மாற்றப் போனால் வட்டம் பிடித்தார்களாம். ஒரே கோயிலில் நின்ற இரண்டு பேரில் ஒருவருக்கு மாற்றுக் குறைந்த காசு. ரெட்டை நாயனக் குடும்பங்களின் கதையைப் படிக்கும்போது இந்தக் கதை திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும்.

சகோதரர்கள் பேர் வாங்கியது கீர்த்தனைக்கு. நாயனத்தில் ராக ஆலாபனைதான் அரசன் என்பது நெடுங்கால வழக்கு. சொல் இல்லாத கருவியில் கீர்த்தனையை வாசித்தால் சாகித்தியம் காதில் விழ வேண்டும் என்று எண்ணி, அதற்கேற்ப நாக்கையும் விரலையும் பழக்கியவர்கள் இவர்கள். இங்கேதான் இரண்டு பேர் வாசிப்பதன் அருமை தெரிகிறது. பாடகர் பல்லவியைப் பாடும்போது சொல் முடிகிற இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். நாயனத்தில் சொல் நடுவில் மூச்சு முட்டினால் சொல்லே இரண்டாக உடைந்துவிடும். இரண்டு பேர் இருந்தால், ஒருவர் அடியின் முதல் பாதியில் மூச்சு வாங்கிக்கொள்ள, மற்றவர் பின்பாதியில் வாங்கிக்கொள்ளலாம். கேட்பவருக்கு அடி முழுசாக, கோடு விழாமல் வந்து சேரும். எங்கே யார் மூச்சு வாங்குவது என்று யாரும் எழுதிவைத்துக்கொள்வதில்லை. ஒரே திண்ணையில் பத்து வயது முதல் சேர்ந்து சாதகம் செய்த இரண்டு பேருக்கு அது பேசாமலே தெரியும்.

சேர்ந்து வாசிப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். நாயனக்காரரின் கருவியில் ஒரு நூற்கொத்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் மாற்றுச் சீவாளிகளும், அவற்றின் வாயைத் திறந்து சரிசெய்ய ஒரு மெல்லிய குச்சியும் இருக்கும். சீவாளி உயிருள்ள பொருள் மாதிரி. எச்சிலில் ஊறினால் ஒரு குரல், காய்ந்தால் இன்னொரு குரல். காலைக் குளிரில் ஒரு சுருதி, உச்சி வெயிலில் வேறொன்று. இரண்டு நாயனம் ஒரே சுரத்தைப் பிடிக்கும்போது ஒன்று நொடிக்கு 300 அதிர்வும் மற்றது 302 அதிர்வுமாக இருந்தால், காதில் நொடிக்கு இரண்டு முறை ஒரு விம்மல் விழும். ஒலி எழும்பி அடங்கி, எழும்பி அடங்கும். தனியாக வாசிக்கிற ஆளுக்கு இந்தப் பிரச்சினை சுருதிப்பெட்டியோடு மட்டும்தான். ஜோடிக்கோ ஒவ்வொரு சுரத்திலும் உண்டு. அதனால் ஜோடிகள் ஒரே ஆசாரியிடம் குழல் கடையச் சொல்வார்கள். முடிந்தால் ஒரே மரத்தில் கடைவார்கள். ஒரே கட்டுச் சீவாளியைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மற்றதை உதடு பார்த்துக்கொள்ளும். உதட்டை ஒரு நூல் அளவு இறுக்கினால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். தம்பி அண்ணனின் சுரத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வது இந்த நூலளவில்தான் நடக்கிறது.

செம்பொன்னார்கோவில் குடும்பத்தில் ஜோடி வாசிப்பு தலைமுறை தலைமுறையாக ஓடியது. ராமசாமி பிள்ளை ரக்தி வாசிப்பதில் பேர்பெற்றவர். ரக்தி என்பது சாகித்தியமே இல்லாமல், தாளத்தின் மேல் சொற்கட்டுகளைப் பின்னிக்கொண்டே போகும் உருப்படி. நாயனத்துக்கும் தவிலுக்கும் மட்டுமே உரியது. அவருடைய மக்கள் கோவிந்தசாமி பிள்ளையும் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் ஒரு ஜோடி. அதற்கடுத்த தலைமுறையில் சம்பந்தமும் ராஜண்ணாவும் ஒரு ஜோடி. மல்லாரியையும் ரக்தியையும் அழியவிடாமல் கொண்டுவந்தவர்கள் என்று இந்தக் குடும்பத்தைச் சொல்ல வேண்டும்.

மல்லாரியை ஒரு தடவையாவது ரெட்டை நாயனத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். பெரிய கோயில்களில் உற்சவமூர்த்தி வெளியே எழுந்தருளும்போது வாசிப்பது அது. ராகம் கம்பீரநாட்டை. முதலில் தவில் மட்டும் அலாரிப்பைச் சொல்லும். பிறகு நாயனம் சேரும். ஒரே சொற்கட்டு, முதலில் நிதானமாக, பிறகு இரட்டித்து, பிறகு அதையும் இரட்டித்து வரும். மூன்றாம் காலத்தில் இரண்டு நாயனமும் ஒரே வீச்சில் இறங்கும்போது நெஞ்சுக்குள் எதுவோ அசையும். சின்ன மல்லாரி, பெரிய மல்லாரி, தளிகைக்கு ஒன்று, தேருக்கு ஒன்று என்று வகைகள் பல. ஒற்றை நாயனத்தில் இதை வாசிக்க முடியாதா என்றால் முடியும். வாசிக்கிறார்கள். ஆனால் மூன்றாம் காலத்தில் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் சொற்கட்டில் ஒரு பல் விழுந்துவிடும்.

ஜோடிகளின் புகழ் மங்கியதற்கு ஒரு காரணம், முரண்பாடாக, நாயனத்தின் தலைசிறந்த மேதைதான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வந்த பிறகு நாயனம் என்றாலே தனி ஒருவரின் ஆலாபனை என்ற எண்ணம் நிலைத்தது. அவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியுடன் சேர்ந்து, உச்சச் சுருதியில் கிறீச்சிடும் திமிரி நாயனத்துக்கு மாறாக, நீளமும் ஆழ்ந்த குரலும் கொண்ட பாரி நாயனத்தை நிலைநாட்டினார். தோடியை அவர் வாசித்த விதம் இன்றும் அளவுகோல். மேடை, ஒலிபெருக்கி, வானொலி, இசைத்தட்டு எல்லாம் வந்த காலத்தில் அவர் வந்தார். அந்த ஊடகங்களுக்கு ஒரு முகம், ஒரு பெயர் போதும். ராஜரத்தினத்தின் வாசிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த ரசிகர் கூட்டம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு நாயனக்காரரைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. பின்னாளில் தாமே பெரும் புகழ் பெற்ற காருகுறிச்சி அருணாசலம்கூட ஒரு காலத்தில் ராஜரத்தினத்தின் பக்கத்தில் துணை நாயனமாக உட்கார்ந்தவர்தான்.

ராஜரத்தினம் மறைந்த அதே 1956-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக ஒரு நாயனக்காரருக்குப் போனது. அவர் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை. பட்டியலில் இருப்பது மூத்தவர் பெயர் மட்டும். அடுத்த நாயனக்காரர் அந்த விருதைப் பெற 1998 வரை, ஷேக் சின்ன மௌலானா வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, மங்கல இசைக்குச் சபாக்கள் கொடுத்த இடம். இன்னொன்று, இரண்டு பேர் சேர்ந்து செய்த கலையை ஒரு பெயரில் எழுதிக்கொள்ளும் வழக்கம். பாட்டிலும் இதே கதைதான்: ஆலத்தூர் சகோதரர்கள் எனச் சேர்த்தே அழைக்கப்பட்ட இருவருக்கும் விருது தனித்தனி ஆண்டுகளில் கொடுக்கப்பட்டது. இருவரையும் ஒன்றாக நிறுத்தி விருது கொடுக்கும் மனம் பின்னால்தான் வந்தது. 2010-இல் பம்பாய் சகோதரிகளுக்கும், 2022-ஆம் ஆண்டுக்கு வயலின் ஜோடியான லால்குடி கிருஷ்ணன் – விஜயலட்சுமிக்கும் விருது சேர்த்தே வழங்கப்பட்டது.

ஜோடி வாசிப்பு நாயனத்துக்கு மட்டும் சொந்தமில்லை. காரைக்குடி வீணைச் சகோதரர்கள் சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் அடுத்தடுத்து உட்கார்ந்து இரண்டு வீணையில் ஒரே கச்சேரி செய்தார்கள். தமையன் வீணையைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்துக்கொள்வார், தம்பி எல்லோரையும் போல மடியில் கிடத்திக்கொள்வார். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையின் மிருதங்கம் சேர்ந்தால் அது தனிக் காட்சி. வீணைக்கு மூச்சு வேண்டாம். மீட்டிய தந்தி தானாகத் தேய்ந்து அடங்கும். அங்கே இரண்டாவது ஆள் வந்தது ஒலி தேய்வதை ஈடுகட்டவும், மந்தர ஸ்தாயியில் ஒருவரும் தார ஸ்தாயியில் ஒருவருமாக விரித்துக் காட்டவும். அண்ணன் 1930களில் மறைந்தார். தம்பி 1952-இல் சங்கீத கலாநிதி ஆனார். கலாக்ஷேத்திராவில் கற்றுக் கொடுத்தார். அவருடைய வீணையைக் கேட்டவர்கள் அதில் எப்போதும் இன்னொரு வீணைக்கு இடம் விட்டிருந்ததாக உணர்ந்திருந்தால் ஆச்சரியமில்லை.

வடக்கே ஷெனாயிலும் இதே கதைதான். அதுவும் இரட்டை நாக்குக் கருவி, அதுவும் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் உரியது, அங்கும் பக்கத்தில் ஒருவர் சுருதியைப் பிடித்துக்கொண்டே இருப்பார். பிஸ்மில்லா கான் இளமையில் அண்ணன் ஷம்சுதீனோடு சேர்ந்தே வாசித்தார். அண்ணன் இறந்தபின் சில காலம் ஷெனாயைத் தொடாமலே இருந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். இன்னும் தள்ளிப் போனால் பிரான்சில் இதா பிரெஸ்தி, அலெக்சாந்தர் லாகோயா என்ற கணவன் மனைவி. இருவரும் கிதார். 1967-இல் பிரெஸ்தி திடீரென இறந்தார். லாகோயா சில ஆண்டுகள் மேடை ஏறவில்லை. ஒரு கை போனால் இன்னொரு கையால் வாசிக்க முடியாது என்பதுதான் எங்கும் இருக்கிற அனுபவம்.

ரெட்டை நாயனம் எப்படி இருக்கும் என்று இன்றைய இளைஞருக்குக் காட்ட வேண்டுமானால் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தைப் போட்டுக் காட்டினால் போதும். ஆனந்த விகடனில் தொடராக வந்த கொத்தமங்கலம் சுப்புவின் நாவலை ஏ.பி. நாகராஜன் 1968-இல் படமாக்கினார். சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி கணேசனும், அவருக்குத் துணை நாயனமாக ஏ.வி.எம். ராஜனும், தவிலில் டி.எஸ். பாலையாவும் வருகிறார்கள். திரையில் தெரிகிற அந்த நாயனத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். எம் என்பது மதுரை, பி என்பது தாத்தா பொன்னுசாமி பிள்ளை, என் என்பது தகப்பனார் நடேசன். தாத்தா வெறும் வித்வான் மட்டுமில்லை. ராகங்களின் கணக்கைப் பற்றிப் 'பூர்வீக சங்கீத உண்மை' என்ற நூலை எழுதியவர்.

படத்தை மறுபடி பார்ப்பவர்கள் கதையை மறந்து ராஜனை மட்டும் கவனிக்கலாம். சிவாஜி கண்ணை மூடிக்கொண்டு உருகும்போது, பக்கத்தில் ராஜன் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அண்ணன் நிறுத்தினால் எடுத்துக்கொள்ள வேண்டும், தொடர்ந்தால் ஒதுங்க வேண்டும். துணை நாயனக்காரரின் முழு வாழ்க்கையும் அந்தப் பார்வையில் இருக்கிறது. கே.வி. மகாதேவனின் இசையமைப்பில் பாட்டுகளும் நாயனப் பகுதிகளும் பல ஆண்டுகள் கல்யாண வீடுகளின் குழாய் ஒலிபெருக்கிகளில் ஒலித்தன. வித்வான்களே வராத கிராமத்துக்கும் மதுரைச் சகோதரர்களின் வாசிப்பு போய்ச் சேர்ந்தது. ஒரு கருவியிசை ஜோடிக்கு இவ்வளவு பெரிய ரசிகர் கூட்டம் கிடைப்பது அரிது.

சகோதரர்கள் என்ற வட்டத்தை உடைத்த ஜோடி ஷேக் மகபூப் சுபானியும் காலிஷாபி மகபூபும். கணவன் மனைவி. ஆந்திரத்தில், கோயிலில் நாயனம் வாசிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்களில் பிறந்தவர்கள். அதே மரபில் வந்த ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் குடியேறி அங்கே சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமத்தை நடத்தினார். தஞ்சாவூர்ப் பாணியைக் கற்பதற்காக இருவரும் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். பெண்கள் தொடவே கூடாத கருவி என்று நினைத்திருந்த காலத்தின் வாலில் காலிஷாபி நாயனத்தை எடுத்தார். ஒரு பெண்ணின் மூச்சு இதற்குப் பற்றாது என்று சொன்னவர்களுக்கெல்லாம் மேடையில் பதில் சொன்னார். இவர்கள் வாசிப்பில் யார் முதல், யார் துணை என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆலாபனையில் அவர் ஒரு பிடி, இவர் ஒரு பிடி. கீர்த்தனையில் இருவரும் ஒன்று. சுரத்தில் ஆவர்த்தனம் பங்கிட்டு, பாதியாக்கி, கால்வாசியாக்கி, கடைசியில் ஒரே தீர்மானத்தில் வந்து விழுவார்கள். 2020-இல் இந்திய அரசு இருவருக்கும் சேர்த்துப் பத்மஸ்ரீ கொடுத்தது. ஜோடிக்குக் கொடுக்கும்போது பத்ம விருதுகளில் அதை ஒரே விருதாக எண்ணுவது வழக்கம். இந்த ஒரு விஷயத்தில் அரசாங்கக் கணக்கும் கலையின் கணக்கும் ஒத்துப்போகின்றன.

இந்த வரலாற்றையெல்லாம் காவிரிக் கரையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சொல்லியாயிற்று. தியாகதுருகம் இருக்கும் கள்ளக்குறிச்சிச் சீமைக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். காவிரிப் படுகையில் நாயனமும் தவிலும் பெரும்பாலும் இசை வேளாளர் குடும்பங்களில் இருந்தன. வட மாவட்டங்களிலும் கொங்குப் பக்கத்திலும் அவற்றை மருத்துவர் சமூகத்தார் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ஆதீனங்களின் மானியமும் மிராசுதார்களின் ஆதரவும் தஞ்சைக்கு இருந்த மாதிரி இங்கே இருந்ததில்லை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாரியம்மன் திருவிழா, கூழ் ஊற்றல் என்று சம்பாத்தியம் ஊரை நம்பியே இருந்தது. இசைத்தட்டில் பேர் வராத ஆட்கள் இவர்கள். ஆனால் ஒரு மாவட்டத்தின் காது இவர்களால்தான் பழகியது. கீரவாணி எது, கல்யாணி எது என்று பெயர் தெரியாவிட்டாலும், தாலி கட்டும் நேரத்தில் எது ஒலிக்க வேண்டும், எது ஒலிக்கக் கூடாது என்று தியாகதுருகத்துச் சந்தைக்கு வரும் எந்தப் பாட்டிக்கும் தெரியும்.

மரத்துக்கும் இந்த ஊர்களுக்கும் உறவு பழையது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டு நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கும் கிடைத்தது. அங்கே ஆசாரிமார் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். பச்சை மரம் வெடிக்கும், குரலும் கட்டாது. பல ஆண்டுகள் உத்திரமாகக் கிடந்து ஈரம் முழுக்க வற்றிய மரம்தான் பாடும். இன்றைக்கு அந்த மரம் கிடைப்பது அரிதாகிக்கொண்டே போகிறது.

மரம் அரிதானதைவிடக் கவலை தருவது ஆள் அரிதானது. தாலிக்குச் செய்யும் செலவில் ஒரு சிறு பங்கு, அலங்கார விளக்குக்குச் செய்யும் செலவில் ஒரு துளி, இரண்டாவது நாயனக்காரருக்குப் போகாமல் நின்றுவிட்டது. கல்யாண வீட்டில் பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது அவர்தான். "ஒரு நாயனம், ஒரு தவில் போதும்ப்பா" என்பது சாதாரணப் பேச்சாகிவிட்டது. அதைச் சொல்பவர் இசைக்கு விரோதி இல்லை. இரண்டாவது ஆள் என்ன செய்கிறார் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். விளைவு என்னவென்றால், இளம் பையன் ஒருவன் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வருஷம் துணை வாசித்துக் கற்றுக்கொள்ளும் வழி அடைபட்டுவிட்டது. துணை நாயனம் என்பது கூட்டணி மட்டுமல்ல, பள்ளிக்கூடமும் அதுதான். விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாயனம், தவில், தேவாரம் கற்றுக் கொடுக்கிறார்கள். மூன்று ஆண்டுப் பயிற்சி முடித்து வெளியே வரும் பிள்ளைக்குப் பாடம் தெரியும். கூட வாசிக்கத் தெரியாது. கூட வாசிப்பதைப் பந்தலில்தான் கற்க முடியும்.

ஒற்றை நாயனம் வாசிக்கிறவருக்கும் இது நல்லதில்லை. நாலு மணி நேரம் ஒருவரே இழுத்தால் உதடு வீங்கும், கழுத்து நரம்பு புடைக்கும். நாளடைவில் வாசிப்பின் போக்கே மாறுகிறது. மூச்சு தாங்கும் அளவுக்குப் பிடிகள் சின்னதாகின்றன. நீண்ட ஆலாபனை போய், சட்டென்று முடிகிற சினிமாப் பாட்டு வருகிறது. கேட்பவர்களின் ரசனை கெட்டுவிட்டது என்று பழிபோடுகிறார்கள். உண்மையில் பாதிக் காரணம் ரசனையில் இல்லை, ஆள்கட்டில் இருக்கிறது. இரண்டாவது மூச்சை எடுத்துவிட்டு முதல் மூச்சிடம் பழைய வேலையைக் கேட்பது நியாயமில்லை.

தியாகதுருகத்திலும் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் கல்வராயன் அடிவாரத்து ஊர்களிலும் வரும் தை, மாசியில் நூற்றுக்கணக்கான கல்யாணங்கள் நடக்கும். ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் வரும். தாம்பூலம் வைத்து மேளம் பேசப் போகிறவர்கள், கோயில் கமிட்டியில் கணக்குப் பார்க்கிறவர்கள் ஒன்று செய்யலாம். "ரெட்டை நாயனமா வாங்க, கூட ஒரு சின்னப் பையனைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று கேளுங்கள். கூடுதலாகக் கொடுக்க வேண்டியது ஓர் ஆளின் ஒரு நாள் கூலி. முகூர்த்தம் முடிந்து பந்தி பரபரக்கும் நேரத்தில் ஐந்து நிமிஷம் அந்த ஜமுக்காளத்துக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒருவர் விடும்போது மற்றவர் எங்கே பிடிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.